ஆல்பத்தில் இல்லாத படம்

ஆடிப் பதினெட்டு அன்று காவிரிக் கரையில் புதுவெள்ளத்துக்குப் படையல் வைக்கும்போது, சிவகாசி அச்சகங்களில் அடுத்த ஆண்டுக்கான காலண்டர் ஆல்பத்துக்குப் பூசை நடக்கும். சாமி படம், இயற்கைக் காட்சி, குழந்தை, தலைவர் என்று எல்லா மாதிரிகளும் ஒரே தடித்த தொகுப்பாகக் கோக்கப்பட்டிருக்கும். ஏஜென்டுகள் அதைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகக் கிளம்புவார்கள். நகைக்கடைக்காரரும் மளிகைக்கடைக்காரரும் புரட்டிப் பார்த்துப் பிடித்த படத்துக்கு ஆர்டர் கொடுப்பார்கள். எது அதிகம் போகிறதோ, அதன் சாயலில் இன்னும் நாலு படம் அடுத்த ஆல்பத்தில் இடம்பிடிக்கும்.

விருதுநகர் மாவட்டத்தில் கேமராவைத் தொழிலாக எடுக்கும் யாரும் இந்த ஆல்பத்தை ஒருமுறை நிதானமாகப் புரட்டிப் பார்ப்பது நல்லது. பலருக்கும் பிடித்த படம் எப்படி உருவாகிறது என்பதை அது பக்கம் பக்கமாகக் காட்டும். கைபேசியில் ஓடும் ரீல்ஸும் இன்று அதே வேலையைத்தான் செய்கிறது. கல்யாண வீட்டார் கைபேசியை நீட்டி, "தம்பி, எங்களுக்கும் இதே மாதிரி வேணும்" என்கிறார்கள். அந்த மாதிரியை எடுத்துக் கொடுத்தால்தான் வாடகையும் கேமராவின் தவணையும் கட்ட முடியும். எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தால் சொந்தக் கண் மழுங்கும் என்ற பயமும் நியாயமானது. இரண்டையும் ஒருசேரச் சமாளித்தவர்கள் உண்டு. அவர்களில் ஒருவர் சிவகாசிக்குப் பக்கத்திலேயே, கோவில்பட்டியில் இருந்தார்.

சி. கொண்டையராஜு (1898–1976) சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர். திருவண்ணாமலை ரமணாசிரமத்தில் சிலகாலம் இருந்துவிட்டு, பிறகு நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை வரையப் போனார். கம்பெனி கோவில்பட்டியில் கலைந்தபோது சீடர்களோடு அங்கேயே தங்கி, 1940களில் தேவி ஆர்ட் ஸ்டுடியோ என்ற புகைப்பட நிலையத்தைத் தொடங்கினார். சிவகாசி அச்சகங்கள் காலண்டருக்குப் படம் கேட்டு அவரிடம் வந்தன. கேட்டது முருகன், மீனாட்சி, லட்சுமி; அவர் கொடுத்ததும் அதையேதான். ஆனால் அந்தத் தெய்வங்களுக்குப் பின்னால் உள்வாங்கிப் போகும் ஆறும் மலையும் மண்டபமும் நாடக மேடையின் திரையிலிருந்து இறங்கி வந்தவை. முகத்தில் படியும் மெத்தென்ற வெளிச்சம் ஸ்டுடியோவில் படத்துக்கு டச்சிங் செய்து பழகிய கை தந்தது. டி.எஸ். சுப்பையா, மு. ராமலிங்கம் போன்ற சீடர்கள் அந்தக் கைப்பழக்கத்தை எடுத்துக்கொண்டு தங்கள் வழியில் போனார்கள். குருவின் பெயரும் சீடரின் பெயரும் சேர்ந்தே கையெழுத்தாக விழுந்த காலண்டர் படங்களும் உண்டு.

என்ன படம் என்பதை ஆர்டர் கொடுத்தவர் தீர்மானித்தார். எப்படி என்பதைக் கொண்டையராஜு விட்டுக்கொடுக்கவில்லை.  அந்த 'எப்படி'யின் பெரும்பகுதியைத் தானே முன்பு பார்த்த வேலைகளிலிருந்து எடுத்தார். புதிதாகத் தொழிலுக்கு வருபவர் கேமராவுக்கு முன் தான் என்னென்ன செய்தார் என்று ஒரு தாளில் எழுதிப் பார்க்கலாம். அச்சகத்தில் மை கலந்தவருக்கு நிறத்தின் அளவு கையில் இருக்கும். தீப்பெட்டி ஆபீஸில் பெட்டி ஒட்டிய வீட்டில் வளர்ந்தவருக்கு விரல்களின் வேகம் தெரியும். ஆட்டுக்குப் பின்னால் கரிசல் காட்டில் நடந்தவருக்குத் தூரம் தெரியும். இவற்றில் ஒன்றையாவது படத்துக்குள் கொண்டுவர முடிகிறதா என்று பார்ப்பதுதான் தொடக்க வேலை. ப்ரீசெட் வாங்குவது, லென்ஸ் மாற்றுவது எல்லாம் அதற்குப் பிறகு.

பழகும் காலத்தில் மற்றவர் படத்தைப் பார்த்துச் செய்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சிவகாசியின் கதையே அப்படித்தான் தொடங்குகிறது. 1923-ல் பி. அய்ய நாடாரும் அ. சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு ஊர் திரும்பினார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டியிருந்தது, அதற்கு அச்சு வந்தது. பட்டாசு வந்தது, அதற்கும் லேபிள் வேண்டியிருந்தது. ஆனால் ஒவ்வொரு லேபிளுக்கும் தனி அடையாளம் இருந்தது; எழுத்துக் கூட்டத் தெரியாதவரும் அணிலையும் சேவலையும் பார்த்து இன்ன கம்பெனி வெடி என்று கேட்டு வாங்கினார். தூரத்திலிருந்தே அடையாளம் தெரிவது எவ்வளவு பெரிய பலம் என்பதை இந்த ஊர்க் கடைத்தெரு நெடுங்காலமாக அறிந்து வைத்திருக்கிறது.

இனி, சிவகாசிக்கென்றே காத்திருக்கும் ஒரு படத்தைப் பற்றிப் பேச வேண்டும். கேமராவோடு வெளியூரிலிருந்து பேருந்தில் வந்து இறங்குபவர் அந்தப் படத்தை மனதில் எடுத்து முடித்துவிட்டுத்தான் வருகிறார். அலுமினியப் பவுடர் படிந்து வெள்ளியாய் மின்னும் பட்டாசுத் தொழிலாளியின் உடம்பு, அதில் இரண்டு கண்கள் மட்டும் தனியாகத் தெரிய வேண்டும். அந்தப் படத்துக்கு ஒரு வரலாறும் நியாயமும் உண்டு. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் சிவகாசிக்கு வந்த கேமராக்கள் தீப்பெட்டி, பட்டாசு வேலையில் இருந்த குழந்தைகளைத் தேடி வந்தன. சலம் பென்னூர்கர் இயக்கிய 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' ஆவணப்படம் 1990-ல் வெளியானது. எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் குறித்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு 1996 டிசம்பரில் வந்தது. அன்று அந்த முகங்களை நாடு பார்த்தே ஆக வேண்டியிருந்தது.

இன்று அதே சட்டகத்தை, அதே கோணத்தில், அதே கண்களை மட்டும் கூர்மையாக்கி எடுப்பவர் யாருடைய படத்தை எடுக்கிறார்? இந்தக் கேள்வியைத் தன் தொழிலின் நடுவில் நின்று கேட்டுக்கொண்டவர் புகைப்படக்காரர் தயானிதா சிங். தபேலா மேதை ஜாகிர் உசேனைப் பற்றி 1986-ல் அவர் கொண்டுவந்த நூல்தான் அவருடைய தொடக்கம். பிறகு வெளிநாட்டுப் பத்திரிகைகளுக்காக இந்தியாவின் துயரங்களைப் படமெடுத்துக் கொடுத்தார். அவர்கள் ஏற்கெனவே மனதில் வைத்திருந்த இந்தியாவையே தன் கேமரா திரும்பத் திரும்ப நிரப்பிக் கொடுக்கிறது என்று தெரிந்ததும் அந்த வேலையை விட்டார். அப்படி ஒரு பத்திரிகை வேலையாகச் சந்தித்த தில்லியின் மோனா அகமது என்பவர், படங்கள் வெளியாவதை விரும்பாமல் ஃபிலிமைத் திருப்பிக் கேட்டபோது கொடுத்துவிட்டார். அந்த இடத்தில் தொடங்கிய நட்பு 2001-ல் 'மைசெல்ஃப் மோனா அகமது' என்ற புத்தகமாக வந்தது. கைநழுவவிட்ட ஒரு பத்திரிகைக் கட்டுரைக்குப் பதிலாக வேறு யாராலும் எடுத்திருக்க முடியாத ஒரு புத்தகம் கிடைத்தது. பத்திரிகை வேலையை விட்ட பிறகு அவர் தான் வளர்ந்தது போன்ற நகரத்துக் குடும்பங்களின் கூடங்களுக்குள் கேமராவைத் திருப்பினார். 2022-ல் ஹாசல்பிளாட் விருது அவருக்கு வந்தது.

தயானிதா சிங் பெயரும் பாரி இணையதளத்தின் பெயரும் சேர்ந்த ஆவணப் புகைப்பட விருதை அதே 2022-ல் முதன்முதலாகப் பெற்றவர் மதுரைக்காரரான எம். பழனி குமார். பி. சாய்நாத் தொடங்கிய அந்த இணையதளத்தின் புகைப்படக்காரர் அவர். கையால் மலம் அள்ளும் தொழிலைப் பற்றிய 'கக்கூஸ்' ஆவணப்படத்தின் ஒளிப்பதிவாளரும் அவரே. உழைக்கும் வீட்டில் பிறந்தவர், தன் தாயின் உழைப்பையும் படமாகப் பதிவு செய்திருக்கிறார். ராமநாதபுரம் கடலில் பாசி எடுக்கும் பெண்கள், தூத்துக்குடி உப்பளத்தில் நடக்கும் பெண்கள், கடலூர்த் துறைமுகத்தில் மீன் கழிவை விற்றுப் பிழைக்கும் மூதாட்டி என்று அவர் படங்கள் வேறு வேறு ஊர்களில் எடுக்கப்பட்டவை. ஆனாலும் வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரே ஆளின் கண் தெரிகிறது. அந்தப் பெண்கள் யாரிடமும் இரக்கம் கேட்டு நிற்கவில்லை. வேலை தெரிந்தவர்களின் நிமிர்வோடு, வேலையின் நடுவில் இருக்கிறார்கள். கேமரா அவர்களுக்குப் பக்கத்தில், அவர்கள் உயரத்திலேயே இருக்கிறது. பாணி என்று இந்த அத்தியாயம் சொல்வது இதைத்தான்: யாரை, எவ்வளவு தூரத்திலிருந்து, எந்த உயரத்திலிருந்து, எத்தனை நாள் பழகிய பிறகு எடுக்கிறோம் என்பது. கான்ட்ராஸ்ட்டைக் கூட்டுவதும் ஆரஞ்சு நிறத்தை ஏற்றுவதும் ஒரு பருவத்துக்கு மேல் நிற்பதில்லை.

மதுரையிலிருந்து திண்டுக்கல் போகும் வழியில் இருக்கும் வாடிப்பட்டிக்காரர் ஜெய்சிங் நாகேஸ்வரனும் இங்கே நினைவுக்கு வருகிறார். கூவாகம் திருவிழா என்றால் கேமராக்கள் எல்லாம் திருநங்கையர் தாலி கட்டிக்கொள்வதையும் அறுப்பதையும் மொய்க்கும். ஜெய்சிங் அந்த நாட்களில் அவர்கள் தங்கும் விடுதி அறைகளுக்குள், அவர்கள் தங்களுக்குள் இயல்பாக இருக்கும் நேரத்தை எடுத்தார். 'தி லாட்ஜ்' என்ற அந்தத் தொடர் கறுப்பு வெள்ளை. கொரோனா ஊரடங்கில் தன் சொந்தக் குடும்பத்தையே எடுக்கத் தொடங்கினார். கூட்டம் பார்க்கும் திசையிலிருந்து கொஞ்சம் விலகி நிற்பது அவர் கண்டுகொண்ட வழி. சிவகாசியில் இதை அப்படியே செய்து பார்க்கலாம்.

எங்கே விலகி நிற்பது என்பதில் சட்டமே பாதி வழிகாட்டிவிடுகிறது. பட்டாசு ஆலையின் மருந்து அறைப் பக்கம் கைபேசிக்கு அனுமதி கிடையாது. ஃபிளாஷ், பேட்டரி, உடம்பில் சேரும் நிலைமின்சாரம் எல்லாமே அங்கே உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். நிர்வாகத்தின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமலும் போர்மேன் காட்டும் எல்லையைத் தாண்டியும் ஒரு அடிகூட வைக்கக் கூடாது. உரிமம் இல்லாமல் வீட்டில் வைத்து வெடி செய்பவர்களைத் தேடிப் போவதும் வேண்டாம். படத்தில் தெரியும் ஒரு சுவர், ஒரு முகம் போதும், ஒரு குடும்பத்தின் பிழைப்பும் பாதுகாப்பும் போய்விடும். இந்தத் தடைகளைக் குறையாக நினைக்க வேண்டியதில்லை. வேலிக்கு வெளியே, யாரும் நின்று பார்க்காத, பெரிய ஒரு வாழ்க்கை நடந்துகொண்டிருக்கிறது.

விடியும்போது வெம்பக்கோட்டை, சாத்தூர்ப் பக்கத்துக் கிராமங்களில் ஃபயர் ஆபீஸ் எனப்படும் பட்டாசு ஆலையின் வேன் வந்து நிற்கும். தூக்குவாளியும் தண்ணீர் பாட்டிலுமாக ஏறும் பெண்கள் அந்த வண்டிக்குள்தான் கொஞ்சநேரம் கண்ணயர்வார்கள். வாரச் சம்பளம் கைக்கு வந்த அந்தியில் கடைத்தெருவின் முகமே மாறும். தீபாவளி முடிந்ததும் ஆலைகள் மூடிக் கிடக்கும் நாட்கள் வரும். ஊர் திடீரென்று ஓய்ந்திருக்கும், பெண்கள் பகலில் வாசலில் உட்கார்ந்திருப்பார்கள். பிறகு பூசை போட்டு வேலை தொடங்கும், சித்திரை வெயிலில் எல்லோருக்கும் உள்ளூரப் பயம் இருக்கும், புரட்டாசியில் ஓட்டமாக இருக்கும். பங்குனியில் விருதுநகர் மாரியம்மனுக்கு அக்கினிச் சட்டி எடுக்கும் பெண்களில் பலர் வருஷம் முழுக்க நெருப்புக்குப் பக்கத்தில் வேலை பார்ப்பவர்கள். இந்த ஆண்டுச் சுற்று முழுவதையும் ஒரே தெருவில், ஒரே லென்ஸோடு எடுத்தவர் கையில் இருக்கும் படத்தை வெளியூர்க்காரர் ஒரு நாளில் வந்து எடுத்துவிட முடியாது.

அச்சகங்களின் பின்கட்டு இன்னொரு சுரங்கம். மெஷினில் நிறம் சரியாக விழும்வரை ஓட்டிப் பார்க்கும் வேஸ்ட் தாளைப் போட்டே மறுபடியும் ஓட்டுவார்கள். ஒன்றின் மேல் ஒன்றாக அச்சாகி, முருகனின் முகத்தில் மத்தாப்புப் பெட்டியும் அதன் மேல் பாடநூல் அட்டையும் படிந்த தாள்கள் அடுக்கடுக்காகக் கிடக்கும். அதைக் காணும் கண் ஒருவருக்கு இருந்தால், அவருடைய பாணி அங்கிருந்தே தொடங்கலாம்.

இனி வெளிச்சம். காலை ஏழு மணிக்கு முன்னும் மாலை ஐந்துக்குப் பின்னும் எடுக்கச் சொல்லாத புகைப்படப் புத்தகமே இல்லை.  ஆனால் விருதுநகர்ச் சீமையின் வாழ்க்கை உச்சிவெயிலில் நடக்கிறது. பதினோரு மணி வெயிலில் எடுக்க மாட்டேன் என்பவர் இந்த ஊரின் பெரும்பகுதியை எடுக்க மாட்டேன் என்கிறார். வேம்பின் நிழலும் தகரக் கூரையின் நிழலும் கத்தியால் வெட்டியதுபோல் விழும் அந்த நேரத்தை அதன் கடுமையோடு எடுக்கப் பழகுவது இந்தப் பக்கத்துப் புகைப்படக்காரருக்கு ஒரு சொத்து. செய்முறை எளிது. வெளிச்சப் பகுதிக்கு எக்ஸ்போஷர் வைத்து, நிழலைக் கறுப்பாகவே விட்டுவிடலாம். மென்பொருளில் நிழலைத் தூக்கி வெளுக்க வைக்கும் சபலத்தை அடக்க வேண்டும். கரிசல் மண் சட்டகத்தை நிரப்பும்போது கேமராவின் மீட்டர் அதைச் சாம்பலாக்கப் பார்க்கும். ஒரு ஸ்டாப் வரை குறைத்து வைத்தால் மண் மண்ணாகவே, கறுப்பாகவே வரும். அச்சகத்து வெள்ளைத் தாள் நிரம்பிய சட்டகத்தில் இதற்கு நேர்மாறாகக் கூட்டி வைக்க வேண்டும். தானியங்கி எதையும் நடுவாந்தரத்துக்கு இழுக்கும். ஊரின் நிறத்தைத் தெரிந்தவர்தான் அதைத் திருப்பி இழுக்க வேண்டும்.

நிறத்தைப் பற்றி ஒரு பிடிவாதக்காரரின் கதை உண்டு. ராஜஸ்தானில் பிறந்த புகைப்படக்காரர் ரகுபீர் சிங் 1966-ல் ஜெய்ப்பூரில் ஹென்றி கார்த்தியே-பிரெஸ்ஸோன் படமெடுப்பதை நேரில் பார்த்தவர், அவரிடமிருந்து நிறையக் கற்றவர். கலைப் புகைப்படம் என்றாலே கறுப்பு வெள்ளை என்றிருந்த காலம் அது. பிரெஸ்ஸோனுக்கும் வண்ணத்தில் மதிப்பில்லை. ரகுபீர் சிங் சட்டகம் அமைக்கும் திறத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, வண்ணத்தை விடாமல் பிடித்துக்கொண்டார். இந்தியர்கள் உலகத்தை நிறத்தோடுதான் பார்க்கிறார்கள் என்பது அவர் வாதம். 1999-ல் இறக்கும்வரை அந்த வழியிலேயே போனார். தமிழ்நாட்டுக்கென்றே ஒரு நூலும் தந்தார். தலைமுறைக்கே ஆசானாக இருந்தவரிடமிருந்து எதை ஏற்பது, எதை மறுப்பது என்பதை ஒருவர் எப்படித் தீர்மானிக்கலாம் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

வாணவேடிக்கையைப் படமெடுப்பது பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. முக்காலி, ஐஎஸ்ஓ 100, துளை எட்டு அல்லது பதினொன்று, சில விநாடி திறந்து வைத்தால் எல்லோருக்கும் ஒரே படம் வரும். வானத்துக்கு முதுகைக் காட்டி நின்று, அண்ணாந்து பார்க்கும் முகங்களில் விழும் வெளிச்சத்தை எடுத்தால் ஆளுக்கு ஒரு படம் வரும்.

விபத்தைப் பற்றிச் சொல்லாமல் இந்த நிலத்தில் புகைப்பட வழிகாட்டி எழுத முடியாது. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி ஆலையில் நேர்ந்த வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சிறிதும் பெரிதுமாக விபத்துச் செய்திகள் இன்றும் நிற்கவில்லை. அப்படி ஒரு நாளில் அங்கே போய் நிற்கும்போது எதை எடுப்பது, எதை எடுக்க மாட்டேன் என்று முடிவெடுக்க நேரம் இருக்காது. கை தானாக இயங்கும். அதனால் முன்பே, வீட்டில் உட்கார்ந்து, அடையாளம் தெரியும் உடல்களை எடுப்பதில்லை, மருத்துவமனை வாசலில் அழும் குடும்பத்தை அனுமதி இல்லாமல் நெருங்குவதில்லை என்றெல்லாம் எழுதி வைத்துக்கொள்வது அவசியம். ஒரு புகைப்படக்காரரை அவர் எடுக்காமல் விட்ட படங்களும் அடையாளம் காட்டுகின்றன. விபத்து நடந்து ஓராண்டு கழித்து அதே கிராமத்துக்குப் போகிறவர்கள் மிகக் குறைவு. அங்கே எடுக்க வேண்டிய படங்கள் எத்தனையோ இருக்கின்றன.

எடுத்ததை வைத்துத் தன் பாணியைக் கண்டுபிடிக்க ஒரு பயிற்சி. ஓராண்டில் மனதுக்குப் பிடித்த நூறு படங்களை அஞ்சலட்டை அளவில் அச்சடித்துத் தரையில் பரப்ப வேண்டும். திரையில் ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளிப் பார்த்தால் இது நடக்காது. எல்லாம் ஒரே பார்வையில் தெரிய வேண்டும். வேறு யாரும் அந்த இடத்தில் நின்றிருந்தால் எடுத்திருப்பார்கள் என்று தோன்றும் படங்களைக் கவிழ்த்துவிடலாம். பாராட்டு வாங்கிய படங்கள்தான் பெரும்பாலும் முதலில் கவிழும். மனசு கொஞ்சம் வலிக்கும். மிஞ்சியவற்றில் திரும்பத் திரும்ப வருவது எது என்று பார்க்க வேண்டும். ஒருவருக்குக் கைகளாக இருக்கும், இன்னொருவருக்கு வாசற்படி, மற்றொருவருக்கு ஆள் இல்லாத நாற்காலி. படங்களை நன்றாகப் பார்க்கத் தெரிந்த, புகைப்படக்காரர் அல்லாத ஒருவரை அழைத்து, எந்த விளக்கமும் கொடுக்காமல் அவரையும் பார்க்கச் சொல்லலாம். அவர் கண்ணில் படுவது எடுத்தவருக்கே தெரியாததாக இருக்கலாம்.

கடைசியாகப் பிழைப்பு. கல்யாணம், காதுகுத்து, சடங்கு, கோயில் கொடை என்று வரும் வேலைகளில் சொந்தப் பாணியைத் திணிப்பது நேர்மையில்லை. காசு கொடுத்தவர் தன் அத்தை, மாமா, பெரியப்பா எல்லோரும் ஆல்பத்தில் இருக்க வேண்டும் என்று கேட்பது அவருடைய உரிமை. அதை முழுசாக, அக்கறையோடு செய்துகொடுக்க வேண்டும். ஆனால் தொழிலுக்கென்று காட்டும் மாதிரி ஆல்பத்தில் எதை வைப்பது என்பது முழுக்கப் புகைப்படக்காரரின் கையில் இருக்கிறது. எதைக் காட்டுகிறாரோ அதைக் கேட்டுத்தான் அடுத்த வீட்டார் வருவார்கள். டிரோன் படத்தை முதலில் வைத்தால் டிரோனுக்கு ஆள் வரும். சமையல்கட்டில் ஆவிக்கு நடுவே பரிமாற ஓடும் தவசிப்பிள்ளையையும் மணமேடைக்குப் பின்னால் தனியாக உட்கார்ந்திருக்கும் தாத்தாவையும் முதல் பக்கத்தில் வைத்தால், அதை விரும்பும் வீடுகள் மெதுவாகத் தேடி வரும். முதல் வருஷம் இரண்டு வீடு வந்தாலே நல்ல கணக்கு. முன்பணம் வாங்கும்போதே ஒரு தாளில் இரண்டு வரி எழுதிக் கொடுத்துவிடலாம்: கேட்ட படங்கள் எல்லாம் இன்ன தேதிக்குள் வரும், அவை போக, தான் விரும்பி எடுக்கும் ஒரு சிறு தொகுப்பும் தனியாக வரும், அதற்குக் கட்டணம் இல்லை. அந்தத் தொகுப்பிலிருந்து வெளியில் காட்டும் ஒவ்வொரு படத்துக்கும் வீட்டாரின் சம்மதத்தையும் அதே தாளில் கையெழுத்தோடு வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.